தாயார் புடவையில் ஒரு ஜப்பானிய வீரன்

தை மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு, சாப்பாடு முடிந்து, கூடத்தைப் பெருக்கித் துடைத்து, தரை தெரியாமல் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, அவற்றின்மேல் கடல் பச்சை நிறத்தில் ஒரு பருத்திப் புடவையை விரித்து, மூலைக்கு ஒரு டம்ளராகப் பாரம் வைத்துவிட்டு, ஒரு கையில் சாக்குக் கட்டியும் மறு கையில் கத்தரிக்கோலுமாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள் என் தங்கை மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். எதிரே, நிலைப்படியில் சாய்ந்தபடி, பலியிடப் போகும் பிராணியைப் பார்ப்பது போல அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என் தங்கை.

"இதை நீ கட்டி எத்தனை வருஷம் ஆச்சும்மா?"

"கட்டலைன்னா வெட்டிடணுமா? நல்ல புடவைடி."

"மாமா, நீங்களே சொல்லுங்க. கடையில இந்த ஹாவோரி அங்கியை வாங்கினா, என் பட்ஜெட் அதோட தீர்ந்துபோயிடும்."

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் மத்தியஸ்தம் செய்யப் போனவன் எவனும் சுகப்பட்டதில்லை என்பதை அனுபவத்தில் அறிந்தவனாகையால், நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷ மௌனத்துக்குப் பிறகு, "முந்தானையை மட்டும் விட்டுடு" என்று தங்கை சொன்னாள். சம்மதம் கிடைத்துவிட்டது.

விஷயம் இதுதான். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் காமிக் கான் என்ற சித்திரக்கதைத் திருவிழாவுக்கு, தனக்குப் பிரியமான ஒரு கதாபாத்திரமாக வேஷம் தரித்துப் போகவேண்டுமென்று அவள் தீர்மானித்திருந்தாள். நுழைவுச் சீட்டு நீங்கலாக 2,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசாவும் தருவதற்கில்லை என்று அவளுடைய தகப்பனாரும் தீர்மானித்திருந்தார். இவ்விரு தீர்மானங்களுக்கும் இடையே மூன்று வாரம் நடந்த காரியங்களை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், பார்த்ததை இங்கே சொல்ல முற்படுகிறேன்.

பெயர் வந்த விதம்

இந்தக் கலைக்கு இன்று உலகமெங்கும் வழங்கும் பெயர் காஸ்ப்ளே. உடுப்பு, விளையாட்டு என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைகளை மட்டும் வெட்டி ஒட்டி, ஜப்பானியர் தம் நாவுக்கு இசைவாகச் செய்துகொண்ட சொல் அது. 1983-ம் ஆண்டு 'மை அனிமே' என்ற பத்திரிகையில் நொபுயுகி தகாஹாஷி என்பவர் அதை முதன்முதலாக அச்சில் ஏற்றினார் என்பார்கள். அதுவரை வழக்கிலிருந்த 'மாஸ்கரேட்' என்னும் சொல்லை ஜப்பானிய பாஷையில் பெயர்த்தபோது, பிரபுக்களின் மாளிகையில் நடக்கும் முகமூடி விருந்து என்ற வாசனை வீசியதால், சாமானியர்களின் இந்த உற்சாகத்துக்கு அது பொருந்தாது என்று அவர் கருதினாராம்.

பெயர்தான் புதிது, காரியம் அதற்கு முந்தையது. 1939-ம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இளைஞரும் மிர்டில் டக்ளஸ் என்ற பெண்மணியும் எதிர்காலத்து மனிதர்களின் கோலத்தில் வந்து சேர்ந்தார்கள். அவ்விரு உடுப்புகளையும் தைத்தவர் அந்தப் பெண்மணியே. ஆகவே, இந்தக் கலையின் ஆதி வஸ்திரங்கள் எந்தக் கடையிலும் வாங்கப்பட்டவை அல்ல. நாகோயா நகரில் 2003 முதல் நடந்துவரும் உலக காஸ்ப்ளே மாநாட்டின் போட்டியிலும், போட்டியாளர் தம் உடுப்பைத் தாமே செய்திருக்கவேண்டும் என்பது விதி.

ஆனால், கையில் கிடைத்ததையெல்லாம் உடுப்பாக்கிவிடலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. 1972-ல் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த அதே உலக மாநாட்டில், ஸ்காட் ஷா என்னும் சித்திரக்காரர் தாம் படைத்த ஒரு கேலிப் பாத்திரமாகத் தோன்றும் பொருட்டு, மேனியெங்கும் நிலக்கடலை வெண்ணெயைப் பூசிக்கொண்டு மேடையேறினார். மலிவான யுக்திதான், ஆனால் அது நாற்காலி மெத்தைகளிலும் பக்கத்திலிருந்தவர்களின் அலங்காரங்களிலும் அப்பி, விளக்குகளின் உஷ்ணத்தில் ஊசிப்போய் நாறத் தொடங்கவே, உணவுப் பண்டங்களை வேஷத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று பின்னர் ஒரு விதியே ஏற்பட்டது.

தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும்

செலவைச் சுருக்குகிறவன் முதலில் விடை காணவேண்டிய கேள்வி, எந்தப் பொருளை எங்கே மலிவாக வாங்கலாம் என்பதாயிருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மருமகள் என் நினைப்பைத் திருத்தினாள். "இந்த ஆளை இந்த ஆள்னு எதை வெச்சு மாமா கண்டுபிடிக்கிறோம்?" என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கதாபாத்திரத்தின் படத்தை வரைந்து, ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். பொத்தான்களை அழித்தாள்; ஆள் இருந்தான். இடுப்புப் பட்டையை அழித்தாள், அப்போதும் இருந்தான். செருப்பை அழித்தாள், ஒரு நஷ்டமும் இல்லை. மேலங்கியின் கட்டங்களை அழித்தபோது ஆளே காணாமற் போய்விட்டான்.

இந்தச் சூத்திரம் தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டிக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்குத் தகவல் சொல்லும் பிள்ளையை, மறுநாள் காலை எட்டு மணிக்குள் பாரதியாராக்கி அனுப்பும் சாமர்த்தியத்தை அவர்கள் எங்கே கற்றார்கள்? ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு வெள்ளைத் தலைப்பாகை, கண்மையால் ஒரு முறுக்கு மீசை, அவ்வளவில் மகாகவி நடைபாதையில் வந்து நிற்கிறார். ஒரு கோலும் வட்டக் கண்ணாடியும் கொடுத்துவிட்டால் காந்தியடிகள்; கோலை வைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்துவிட்டு, நெற்றி நிறைய நீறு பூசினால் ஔவையார். எந்த லட்சணத்தை விட்டால் ஆள் மறைந்துவிடுவாரோ, அதை மட்டும் பற்றிக்கொண்டு மற்றதையெல்லாம் பார்ப்பவர் மனமே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற யுக்தி அது.

தெருக்கூத்துக் கலைஞனின் கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் பகல் வெளிச்சத்தில் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். கனமில்லாத கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, வர்ணக் காகிதத்தையும் கண்ணாடிச் சில்லுகளையும் பதித்த சாமான் அது. துரியோதனனுடைய சாம்ராஜ்யச் செல்வம் முழுவதையும் இரவு வெளிச்சத்தில் அந்தச் சில்லுகளே தாங்கி நிற்கின்றன. தாய்லாந்தைச் சேர்ந்த அனுச்சா சேங்சார்ட் என்பவர், துவாலையும் காய்கறியும் சமையற்கட்டுச் சாமான்களும் கொண்டு அனிமே நாயகர்களாகத் தம்மைப் படமெடுத்துக்கொண்டு உலகப் பிரசித்தி பெற்றிருக்கிறார். பார்த்தவுடன் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு வருவதற்குக் காரணம், இன்ன நாயகன் என்று அந்தக் கணமே நமக்குத் தெரிந்துவிடுவதுதான்.

ஒரு நடிகனின் கட்டங்கள்

என் மருமகள் தேர்ந்தெடுத்த பாத்திரத்தின் பெயர் தஞ்சிரோ. கொயொஹாரு கொதோகே என்பவர் 2016 முதல் 2020 வரை ஒரு ஜப்பானிய வாரப் பத்திரிகையில் எழுதி வரைந்த 'டீமன் ஸ்லேயர்' தொடரின் நாயகன். அரக்கர்களால் குடும்பத்தைப் பறிகொடுத்து, தானும் அரக்கியாக மாறிவிட்ட தங்கையை ஒரு மரப்பெட்டியில் வைத்து, வெயில் படாமல் முதுகில் சுமந்து திரியும் அண்ணன். இக்கதையின் திரைப்படமொன்று 2025-ல் தமிழ்க் குரலோடு நம் ஊர்த் திரையரங்குகளுக்கும் வந்தது.

அவன் அணியும் மேலங்கிக்கு ஹாவோரி என்று பெயர். பச்சையும் கறுப்பும் மாறிமாறி வரும் சதுரங்கக் கட்டங்கள் அதில் நிறைந்திருக்கும். இந்தக் கட்டத்துக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'இச்சிமட்சு'. 18-ம் நூற்றாண்டில் சானொகாவா இச்சிமட்சு என்ற கபுகி நாடக நடிகர் இந்தக் கட்டம் போட்ட உடுப்போடு மேடையில் தோன்ற, ஊர் ஜனங்கள் அதைக் கண்டு மயங்கித் தாமும் உடுத்தத் தொடங்கவே, நடிகரின் பெயரே துணிக்குப் பெயராகிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கின் சின்னத்துக்கும் இதுவே மூலம். தஞ்சிரோவின் கட்டங்களை வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ளப் பதிப்பகத்தார் விண்ணப்பித்தபோது, ஜப்பானிய காப்புரிமை அலுவலகம் 2021-ல் அதை ஏற்க மறுத்துவிட்டது. மேடை வேஷத்திலிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து சித்திரக் கதைக்குப் போய், மறுபடி வேஷத்துக்குத் திரும்பியிருக்கும் அந்தக் கட்டம் அனைவருக்கும் பொதுவான சொத்து என்று ஆயிற்று.

ஹாவோரியின் வெட்டு மிகவும் எளிது. ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலத்தில் நெய்யப்பட்ட நீண்ட துணியை, வளைவு எதுவும் வெட்டாமல், நேர்க்கோட்டில் மட்டும் துண்டு போட்டுச் சேர்ப்பது ஜப்பானிய உடையின் மரபு, துணி வீணாகாது. ஐந்தரை மீட்டர் புடவையோ அகலத்தில் தாராளமானது. ஒன்றே முக்கால் மீட்டரை வெட்டி இரண்டாக மடித்தால் முன்னும் பின்னும் ஆயிற்று; முன்பக்கம் நடுவில் கழுத்துவரை ஒரு வெட்டு; கைகளுக்கு இரண்டு நீள்சதுரங்கள்; கழுத்துப் பட்டைக்கு ஒரு நாடா. இரண்டரை மீட்டருக்கு மேல் மிச்சம் நின்றது, முந்தானையும் பிழைத்தது.

தாத்தாவின் முழங்கால்

கட்டம் போட்ட துணியைக் கடையில் தேடினால் பணம். பச்சைத் துணியையும் கறுப்புத் துணியையும் வெட்டி ஒட்டுப்போட்டால் தையற்கூலி. ஆகவே சாயத்தில் ஒற்றி எடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கு நனைந்தாலும் ஊறாத, கத்திக்கு இணங்குகிற ஓர் அச்சுத் தகடு வேண்டுமே! அலமாரியின் மேல்தட்டில், காலஞ்சென்ற தாத்தாவின் முழங்காலைப் படமெடுத்த எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்று உறைக்குள் கிடந்தது. அதில் பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டினாள். மூட்டு எலும்பின் நிழல் ஓரத்தில் தெரிய, அந்த ஜன்னல் வழியே கறுப்புச் சாயத்தைப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சால் ஒற்றினாள்.

முதல் நாலு கட்டங்களும் நாசமாயின. சாயத்தைத் தாராளமாகத் தொட்டதில், உடுத்தி உடுத்தி மெலிந்திருந்த அந்தத் துணி அதைக் குடித்து, கட்டத்தின் விளிம்புகள் கம்பளிப்பூச்சிபோல மயிர்க்காலிட்டு விரிந்தன. நல்லவேளை, பரீட்சை நடந்தது மிச்சத் துணியில். பஞ்சைச் சாயத்தில் தொட்டு, செய்தித்தாளில் இரண்டு முறை ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்துவிட்டது என்று தோன்றும் பக்குவத்தில், தேய்க்காமல் செங்குத்தாகத் தட்டவேண்டும் என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டுகொண்டாள். அப்படித் தட்டியதில் ஓரம் கத்தி வெட்டினாற்போல் நின்றது. சுமார் 130 கறுப்புக் கட்டங்கள், இரண்டு இரவுகள். காய்ந்த பிறகு மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்திவிட்டால் சாயம் துணியைப் பற்றிக்கொள்கிறது.

இரண்டாம் இரவில் தூக்கக் கலக்கத்தில் ஒரு பிழை நேர்ந்தது. முதுகின் நடுவே, முதல் இரவு நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கியபோது ஒரு கட்டம் தள்ளித் தொடங்கிவிட்டாள். அந்த ஒரு வரிசையில் மட்டும் கறுப்புக்குக் கீழே கறுப்பும் பச்சைக்குக் கீழே பச்சையுமாக அமைந்துவிட்டன. விடிந்த பிறகே அது கண்ணில் பட்டது. சாயத்தை அழிக்க வழியில்லை.

"பெட்டி மறைச்சுடும் மாமா" என்றாள், சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு.

தெருமுனைத் தையற்காரர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, நைட்டியா, அங்கியா? முன்பக்கம் பொத்தான் எங்கே வைக்க?" என்று விசாரித்தார். பொத்தானே கிடையாது என்று கேட்டதும் அவருக்கு ஏற்பட்ட மனக்கஷ்டத்தை, நேர்த்தையல் மட்டுமே என்பதால் கூலி குறையும் என்ற செய்தி அதிகமாக்கியிருக்கவேண்டும்.

செருப்பு ரப்பரும் கல்யாணப் பத்திரிகையும்

ஆயுதங்களும் கவசங்களும் செய்ய, காஸ்ப்ளேக்காரர்கள் உலகெங்கும் நம்பியிருப்பது இ.வி.ஏ. ஃபோம் என்ற பொருளை. எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பது அதன் நீண்ட பெயர். நம் காலில் கிடக்கும் இலேசான செருப்பின் அடிப்பாகம் பெரும்பாலும் அதுதான். உடற்பயிற்சி விரிப்பாகவும், குழந்தைகள் விளையாடும் தரைப் பாயாகவும், கைவேலைக்கான மெல்லிய தகடாகவும் அது கிடைக்கிறது. சுடுகாற்றுக்கு வளைந்துகொடுக்கும், கத்திக்கு இணங்கும், பிறர்மேல் பட்டாலும் காயப்படுத்தாது. அரங்கத்து வாசலில் ஆயுதங்களைச் சோதித்து உலோகத்தையும் கூர்மையானவற்றையும் தடுத்துவிடுவார்களாகையால், இந்தக் கடைசிக் குணம் முக்கியமானது.

தஞ்சிரோவின் வாளுக்கு, மின்சார வேலைக்காரர்கள் சுவரில் பதிக்கும் வயரிங் குழாய் எலும்பாயிற்று. இரண்டு ஃபோம் பட்டைகள் சதையாயின. ஒட்டுவதற்குச் செருப்புத் தைக்கிறவர்கள் உபயோகிக்கும் சொல்யூஷன். அவசரக்காரர்களுக்கு அது ஒட்டாது. இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிஷம் காத்திருந்து, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் சேர்த்து அழுத்தினால், பிறகு பிரிக்க நினைத்தாலும் முடியாது. நேராகச் சாயம் பூசினால் ஃபோம் அதைக் குடித்துவிடும் என்பதால், தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மூன்று பூச்சுப் பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டு, அதன்மேல் கறுப்பு ஏற்றினாள்.

தஞ்சிரோவின் காதுகளில் தொங்குவது ஹனாஃபுதா என்ற ஜப்பானிய சீட்டைப் போன்ற அணி. இன்று வீடியோ விளையாட்டுக்குப் பேர்பெற்ற நின்டெண்டோ 1889-ல் தொழில் தொடங்கியபோது செய்தது இந்தச் சீட்டுகளைத்தான். இவளுக்கு இரண்டு சீட்டு வேண்டும். மேசை இழுப்பில் கிடந்த, கனத்த அட்டையில் அச்சடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் அதற்கு உதவிற்று. செந்நிறச் சூரியனுக்கு நகப்பூச்சு. நெற்றித் தழும்பு குங்குமமும் கண்மையும் சேர்ந்தது. காலைச் சுற்றும் வெள்ளைப் பட்டைகள், தகப்பனாரின் கிழிந்த வேஷ்டி. தங்கையைச் சுமக்கும் பெட்டி, மிக்ஸி வந்த அட்டைப் பெட்டிமேல் மரரேகைக் காகிதம் ஒட்டி, பழைய பள்ளிப் பையின் தோள்பட்டைகளைக் கோத்தது.

தலைக்கு மட்டும் அவள் சிக்கனம் பார்க்கவில்லை. வரவுசெலவுக் கணக்கை அவளே எழுதிக் காட்டினாள்: கறுப்புச் சாயம் 320 ரூபாய், தையற்கூலி 250, ஃபோமும் பசையும் 280, குழாய் 60, சில்லறை 80, டோப்பா 650. ஆக மொத்தம் 1,640. "எல்லாத்தையும்விட டோப்பாவுக்கா இவ்வளவு?" என்று கேட்டதற்கு, "எல்லாரும் முதல்ல முகத்தைத்தானே மாமா பார்ப்பாங்க; காலை யார் பார்க்கப் போறாங்க?" என்றாள். அந்த டோப்பாவும் பிளாஸ்டிக் போலப் பளபளக்கவே, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, தட்டி, மினுமினுப்பை அடக்கினாள். மூன்று வாரமாக அவள் அந்தப் படத்தைப் பார்த்த அளவுக்கு, 10,000 ரூபாய் கையிலிருந்து கடையில் வாங்கியிருந்தால் பார்த்திருக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றிற்று.

அரங்கத்தில்

சென்னைக்குக் காமிக் கான் வந்தது 2024-ல். 2011-ல் டில்லியில் தொடங்கிய திருவிழா நம் ஊருக்கு வந்துசேர அத்தனை காலம் ஆயிற்று. உள்ளே நுழைந்ததும் எனக்குக் குலசேகரன்பட்டினத்துத் தசராவின் நினைவு வந்தது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, காளியாகவும் குறவனாகவும் குரங்காகவும் வேஷம் கட்டி வீடுவீடாகப் போகும் அந்தப் பக்தர்களின் நோக்கம் வேறு. ஆனால், முகத்தில் சாயம் ஏறியதும் நடையே மாறிப்போகும் அதிசயத்தை இங்கேயும் கண்டேன்.

முழங்காலளவு நீலக் கால்சட்டையும் சிவப்புச் சட்டையும் தரித்து, பனையோலைத் தொப்பிக்குச் சிவப்பு நாடா சுற்றிக்கொண்டு, 'ஒன் பீஸ்' கதையின் லூஃபியாக ஓர் இளைஞன் நின்றான். திருச்செந்தூர்ப் பக்கத்தில் வெயிலுக்கு வாங்கிய தொப்பி என்று சொல்லிச் சிரித்தான். தொப்பி ஒன்று போதும், லூஃபி அவன்தான். பக்கத்தில், கடையில் வாங்கிய, குறையொன்றும் சொல்லமுடியாத ஹாவோரியோடு இன்னொரு தஞ்சிரோ. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததும், நெடுநாள் பிரிந்த சகோதரர்களைப் போல, சேர்ந்து நின்று படமெடுத்துக்கொண்டார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு, அட்டைப் பெட்டியின் பட்டை தோளை அறுக்கிறது என்று அவள் அதைக் கழற்றித் தரையில் வைத்தாள். முதுகு வெளிப்பட்டது. ஃபோம் கவசம் அணிந்திருந்த, இந்த வேலையில் பழுத்தவள் போலத் தோன்றிய ஒரு பெண், அந்த வரிசையருகே விரலைக் கொண்டுபோய், "ஸ்டென்சிலா? எங்கே நிறுத்தினேன்னு மறந்துட்டியா?" என்று கேட்டாள். மருமகள் முகம் சிவந்து, தலையை ஆட்டினாள். "எனக்கும் இப்படித்தான்" என்று அந்தப் பெண் தன் கவசத்தின் உட்புறத்தைப் புரட்டிக் காட்டினாள். தலைகீழாக ஒட்டிய ஒரு துண்டு அங்கே இருந்தது. அதன் பிறகு அரை மணி நேரம், எந்தப் பசை எத்தனை நிமிஷம் என்ற சம்பாஷணையில் இருவரும் என்னை அடியோடு மறந்துபோனார்கள். வீடு திரும்பும்போது பெட்டியை நான் சுமந்தேன்.

மறுநாள் என் தங்கை அந்த ஹாவோரியைத் தனியாக நனைத்து, தண்ணீரில் கறுப்பு இறங்குகிறதா என்று மூன்று முறை பார்த்து, இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நிழலில் உலர்த்தினாள். மாலையில், கைகளை உள்ளே மடித்து, புடவை மடிக்கிற அதே மடிப்பாக மடித்து, பீரோவைத் திறந்து, முன்பு அந்தப் பச்சைப் புடவை இருந்த தட்டில் வைத்துச் சாத்தினாள்.